காதும் இலக்கணமும்: லென்னி டிரிஸ்டானோ, பேரி ஹாரிஸ்

1986 மார்ச்சில் டெனர் சாக்ஸபோன் கலைஞர் வார்ன் மார்ஷ் 'பேக் ஹோம்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தபோது பியானோ வாசித்தவர் பேரி ஹாரிஸ். ஜாஸ் கேட்பவர்களுக்கு இந்தச் சேர்க்கை வியப்பைத் தரும். மார்ஷ் தன் இருபதுகளின் தொடக்கத்திலேயே லென்னி டிரிஸ்டானோவிடம் பாடம் கேட்கப் போனவர்; கடைசிவரை டிரிஸ்டானோவின் பிள்ளையாகவே அறியப்பட்டவர். ஹாரிஸ் டெட்ராய்ட் நகரத்துக்காரர். பெபாப் இசையின் இலக்கணத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தவர். இந்த இரண்டு பள்ளிகளையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவதே விமரிசகர்களின் வழக்கம். ஒன்று குளிர்ந்தது, மற்றது சூடானது. ஒன்று அறிவின் இசை, மற்றது மண்ணின் இசை. இந்தப் பிரிவினை எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. இருவருக்கும் மூலநூல் ஒன்றே: சார்லி பார்க்கரின் இசை. இருவருமே பியானோ வாசித்தார்கள், இசை எழுதினார்கள், எல்லாவற்றையும்விட அதிக நேரத்தைப் பாடம் சொல்வதில் செலவிட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் நிழலிலும் நிற்காமல், தங்கள் சொந்த அறையிலும் வாடகை அறையிலும் அதைச் செய்தார்கள். அவர்கள் பிரிவது வேறோர் இடத்தில். மனோதர்மம் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு இருவரும் வெவ்வேறு பதில் வைத்திருந்தார்கள். அந்தப் பதிலே அவர்கள் பாடம் எடுத்த அறை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்தது.

டிரிஸ்டானோ 1919 மார்ச் 19 அன்று சிகாகோவில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே பார்வை மங்கல். பத்து வயதை ஒட்டி அதுவும் போய்விட்டது. பார்வையற்றோருக்கான விடுதிப் பள்ளியில் வளர்ந்து, பியானோவோடு காற்றுக் கருவிகளும் பழகி, சிகாகோவின் அமெரிக்கன் கன்சர்வேட்டரியில் முறையாகப் பட்டம் பெற்றார். இருபதுகளின் நடுவிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். 1946இல் நியூயார்க் வந்தார். அடுத்த ஆண்டு வானொலி நிகழ்ச்சிகளில் பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகியோரோடு சேர்ந்து வாசித்தார். 1951இல் மன்ஹாட்டனில் கிழக்கு 32ஆம் தெருவில் 317ஆம் எண் கட்டடத்தில் ஸ்டூடியோ அமைத்தார். பாடம், பதிவு, நண்பர்களோடு வாசிப்பு எல்லாம் அங்கேதான். அந்த ஆண்டு பார்க்கர் வந்து அவரோடு இரண்டு பாடல்கள் வாசித்திருக்கிறார். டிரம்ஸ் இல்லாததால் கென்னி கிளார்க் தொலைபேசி டைரக்டரியின் மேல் பிரஷ்களால் தாளம் போட்டார். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பார்க்கர் தன் வழியில் போகிறார், டிரிஸ்டானோ தன் வழியில் போகிறார். இருவரும் மோதிக்கொள்ளவே இல்லை.

டிரிஸ்டானோவிடம் வருகிற மாணவர் சாக்ஸபோன் கொண்டுவந்தாலும் பியானோவில் உட்கார்ந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: பாடு. லெஸ்டர் யங்கின் ஒரு பழைய சோலோவை எடுத்துக்கொள். இசைத்தட்டோடு சேர்ந்து பாடு. பிறகு இசைத்தட்டை நிறுத்திவிட்டுப் பாடு. ஒவ்வொரு சுரமும், ஒவ்வொரு மூச்சும், சுரம் தாளத்துக்குச் சற்றே பின்தங்கி விழுகிற அந்தச் சோம்பலும்கூட உன் குரலில் வர வேண்டும். அதற்குப் பிறகே கருவியைத் தொடலாம். லெஸ்டர் யங்குக்கு அடுத்து ராய் எல்ட்ரிட்ஜ், லூயி ஆர்ம்ஸ்ட்ராங், பார்க்கர், பட் பவல். அவர் கேட்டது காகிதத்தில் எழுதிப் பார்த்து வாசிக்கிற வேலையே அல்ல. கண்ணுக்கு அங்கே வேலையில்லை. அது அவருடைய உடல்நிலையால் வந்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதற்குப் பின்னால் தெளிவான ஒரு கொள்கை இருந்தது. விரல் பழகிய பாதையில் விரல் தானாக ஓடும்; அப்படி ஓடுவதை மனோதர்மம் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே கேட்காத எதையும் விரல் வாசிக்கக் கூடாது. ஆகவே முதலில் உள்ளே கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் சோதனை குரல்தான். குரலுக்கு விரல் பழக்கம் கிடையாது.

மற்ற பயிற்சிகளும் இதே நோக்கில் அமைந்தவை. ஸ்கேல்களை மிக மெதுவாக, ஒவ்வொரு சுரத்தின் ஒலியையும் கவனித்தபடி வாசிப்பது. ஒரு கையில் ஒரு கணக்கும் மறு கையில் வேறொரு கணக்குமாகத் தாளங்களை அடுக்குவது. ஒரு பாடலின் கார்ட் வரிசையின் மேல் அவசரமே இல்லாமல் புது மெலடி கட்டுவது. பாடம் நீண்ட உரையாடலாகவும் இருக்காது. வாரம் ஒருமுறை ஒரு மாணவர் வருவார், சிறிது நேரம் பாடுவார் அல்லது வாசிப்பார், டிரிஸ்டானோ சில சொற்களில் தீர்ப்புச் சொல்வார், அடுத்தவர் உள்ளே வருவார். ஒருவரின் காதுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டியிருந்ததால் இரண்டு பேருக்குச் சேர்த்துப் பாடம் எடுப்பது அவருக்குப் பொருளற்றதாகவே இருந்திருக்கும்.

இந்தக் கொள்கையின் விளிம்புவரை அவர் போனது 1949 மே மாதத்தில். கேபிடல் நிறுவனத்துக்கான பதிவின் கடைசியில் டிரம்ஸ் வாசிப்பவரை விட்டுவிட்டு, தன் சாக்ஸபோன் மாணவர்கள் லீ கானிட்ஸ், வார்ன் மார்ஷ், கிட்டார் கலைஞர் பில்லி பாயர், பேஸ் வாசித்த ஆர்னால்ட் ஃபிஷ்கின் ஆகியோரோடு டிரிஸ்டானோ உட்கார்ந்தார். பாடல் இல்லை, கார்ட் வரிசை இல்லை, ஆதார சுருதி இல்லை, தாள அளவும் இல்லை. யாருக்குப் பின் யார் நுழைவது என்பது மட்டுமே முன்கூட்டிப் பேசியது. 'இன்ட்யூஷன்', 'டைக்ரெஷன்' என்ற அந்த இரண்டு பதிவுகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நிறுவனத்துக்குத் தெரியவில்லை. இரண்டாவது பதிவு ஐந்தாண்டுகள் கழித்தே வெளியானது. ஆர்னட் கோல்மன் 'ஃப்ரீ ஜாஸ்' பதிவு செய்ய இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. இன்று கேட்கும்போது எனக்கு வியப்பாக இருப்பது அதிலுள்ள துணிவைவிட அதன் ஒழுக்கம். ஒருவர் விட்ட இழையை மற்றவர் எடுக்கிறார், யாரும் யாரையும் மிதிப்பதில்லை. பாடிப் பாடிப் பழகிய காதுகள் ஐந்தும் ஒரே அறையில் இருந்ததன் விளைவு அது. 60களில் அமெரிக்காவெங்கும் இதைவிடக் கட்டற்ற ஜாஸ் எழுந்தபோது டிரிஸ்டானோ அதை ஏற்கவில்லை. அதில் உணர்ச்சிக் கொந்தளிப்பு இருக்கிறது, கேட்டல் இல்லை என்பது அவர் கட்சி. இந்த இடத்தில் அவரோடு உடன்பட எனக்கு முடியவில்லை. கோல்மனின் குழுவில் ஒருவரையொருவர் கேட்டது போல ஆழமாகக் கேட்ட குழுக்கள் அபூர்வம்.

பேரி ஹாரிஸின் கதை இன்னொரு நகரத்தில், இன்னொரு வீட்டில் தொடங்குகிறது. 1929 டிசம்பர் 15 அன்று டெட்ராய்டில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அம்மா தேவாலயத்தில் பியானோ வாசிப்பவர். நான்கு வயதில் மகனுக்கு முதல் பாடம் அம்மாவிடம்தான். கார்த் தொழிற்சாலைகளின் கூலியால் செழித்திருந்த அந்த நகரம் 40களிலும் 50களிலும் டாமி ஃபிளனகன், கென்னி பரல், டொனால்ட் பேர்ட், யூசஃப் லத்தீஃப், பால் சேம்பர்ஸ் என்று வரிசையாக இசைக்கலைஞர்களை வளர்த்தது. இத்தனை பேரும் சுற்றிச்சுற்றி வந்த இடங்களில் ஒன்று ஹாரிஸின் வீட்டுக் கூடம். இருபதுகளின் தொடக்கத்திலேயே தன் வயதொத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் அவர் அங்கே பாடம் நடத்தினார். ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் வாசித்துக் காட்டுவார், மூன்றாமவர் மறுப்பார். ஹாரிஸின் வகுப்புக்கு கடைசிவரை மாறாத வடிவம் அந்தக் கூடத்திலேயே உருவாகிவிட்டது.

அந்தக் கூடத்துக்கு வந்த பதின்வயதுப் பையன்களில் ஒருவர் சார்ல்ஸ் மெக்ஃபர்சன். பின்னாளில் பேஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் குழுவில் பல ஆண்டுகள் வாசித்த ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர். அவர் பலமுறை சொல்லியிருக்கிற சம்பவம் இது. ஒருநாள் ஹாரிஸ் அவருடைய பள்ளி மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்த்தார். எல்லாப் பாடத்திலும் நடுத்தர மதிப்பெண். நீ வாசிக்க ஆசைப்படும் இசை நடுத்தரமானவர்கள் வாசிக்கிற இசை இல்லை, உன் நாயகர்கள் யாரும் நடுத்தரமானவர்கள் இல்லை என்று ஹாரிஸ் சொன்னார். மெக்ஃபர்சன் அதற்குப் பிறகுதான் புத்தகம் படிக்கத் தொடங்கினார், மதிப்பெண்ணும் ஏறியது. ஹாரிஸின் பார்வையில் பார்க்கரின் ஒரு சோலோ என்பது நன்றாகச் சிந்திக்கிற ஒரு மனதின் பேச்சு. பேச்சென்றால் அதற்கு இலக்கணம் உண்டு. இலக்கணம் உண்டென்றால் அதைக் கற்றுக்கொடுக்க முடியும், ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு ஒரே நேரத்தில் கற்றுக்கொடுக்க முடியும்.

அந்த இலக்கணத்தின் ஒரு விதியையாவது விரித்துச் சொன்னால்தான் ஹாரிஸ் என்ன செய்தார் என்பது புலப்படும். நம் சுரப்பெயர்களிலேயே சொல்லலாம். மேற்கத்திய மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணத்தின் சுரங்களைக் கொண்டது. அதில் பஞ்சமத்துக்கும் சதுச்ருதி தைவதத்துக்கும் நடுவே சுத்த தைவதத்தையும் செருகு என்றார் ஹாரிஸ். இப்போது ஏழு சுரம் எட்டாகிறது. எட்டில் ஒன்றைவிட்டு ஒன்றைப் பொறுக்கினால் இரண்டு நால்வர் கூட்டங்கள் கிடைக்கும். ச, க, ப, சதுச்ருதி தைவதம் சேர்ந்தால் வீடு வந்து சேர்ந்த நிம்மதியைத் தரும் கார்ட். ரி, ம, சுத்த தைவதம், நி சேர்ந்தால் அந்த வீட்டைத் தேடித் தவிக்கிற கார்ட். மேற்கில் டிமினிஷ்ட் என்பார்கள். இந்த எட்டுச் சுரங்களின் மேல் படிப்படியாக ஏறினால் கைக்கு வருவது மாறி மாறி நிம்மதி, தவிப்பு, நிம்மதி, தவிப்பு. ஒரு கார்டைக் கல்லைப் போல் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டிய அவசியம் இனி பியானோக்காரருக்கு இல்லை. கார்ட் நடக்கத் தொடங்குகிறது. ஒரு கூட்டத்திலிருந்து ஒரு சுரத்தை அடுத்த கூட்டத்தோடு கலந்து கடன் வாங்கலாம், பிறகு திருப்பிக் கொடுக்கலாம். ஹாரிஸின் சொந்த வாசிப்பில், குறிப்பாக அவர் பாலட்களை மெதுவாக வாசிக்கும்போது, உள்குரல்கள் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஒற்றைச் சுர மெலடிக்கும் அவர் விதி வைத்திருந்தார். டாமினன்ட் ஸ்கேல் நம் அரிகாம்போதி. மேல் ஷட்ஜத்திலிருந்து அதில் வரிசையாக இறங்கினால் கைசிகி நிஷாதம், கார்டின் சுரமாக இருந்தும், தாளத்தட்டில் விழாமல் இடையில் விழுந்துவிடும். ஷட்ஜத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவே காகலி நிஷாதத்தை ஒரு கணம் தொட்டுப் போ என்றார் ஹாரிஸ். அவ்வளவுதான். ச, நி, ப, க என்று கார்டின் சுரங்கள் எல்லாம் தாளத்தட்டுகளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கார்டின் சுரத்தில் தொடங்கினால் இப்படி ஒரு அரைச்சுரமோ மூன்று அரைச்சுரமோ சேர்க்கலாம். கார்டுக்கு வெளியே உள்ள சுரத்தில் தொடங்கினால் ஒன்றும் சேர்க்காமல் விடலாம், அல்லது இரண்டு சேர்க்கலாம். பார்க்கர் வாசித்த வேகத்தில் கேட்டால் மாயமாகத் தெரிவது, மெதுவாகப் பிரித்துப் பார்த்தால் இப்படி ஒரு கணக்கில் நிற்கிறது. பார்க்கர் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வாசித்தார் என்று ஹாரிஸ் சொல்லவில்லை. அவர் காதில் இருந்ததை நாம் காலம் கடந்து வந்து சேர வேண்டிய வழி இது.

வகுப்புகளில் அவர் சொன்ன படைப்புக் கதையும் உண்டு. முதலில் பன்னிரண்டு சுரங்களும் சேர்ந்த முழுமை. அது இரண்டாகப் பிரிந்து ஆணும் பெண்ணுமாக, ஆறு ஆறு சுரங்கள் கொண்ட இரண்டு முழுச்சுர வரிசைகள். இருவருக்கும் பிறந்த பிள்ளைகள் மூன்று டிமினிஷ்ட் கார்டுகள். ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்பாவின் இரண்டு சுரமும் அம்மாவின் இரண்டு சுரமும் இருக்கின்றன. பிள்ளையின் ஏதாவது ஒரு சுரத்தை அரைச்சுரம் இறக்கினால் ஒரு டாமினன்ட் கார்ட் பிறக்கும். இது சிறுபிள்ளைக்குச் சொல்லும் கதை போலத் தோன்றலாம். பியானோவின் முன் உட்கார்ந்து கட்டைகளை அழுத்திப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் கணக்காக உண்மை.

இதை வைத்துக்கொண்டு அவர் ஜாஸ் கல்லூரிகளோடு மல்லுக்கு நின்றார். கல்லூரிகள் எல்லாப் பாடலையும் இரண்டாம் படிக் கார்ட், ஐந்தாம் படிக் கார்ட் என்ற ஜோடிகளாக வெட்டி, கார்டுக்கு ஒரு ஸ்கேல் என்று பங்கு போட்டுக் கொடுத்தன. அந்த இரண்டாம் படிக் கார்டே தேவையில்லை என்றார் ஹாரிஸ். ரி, ம, த, ச என்று அடுக்கினால் அது இரண்டாம் படி. ம, த, ச, ரி என்று அடுக்கினால் அது நான்காம் படியின் மேல் நிற்கும் ஆறாம் கார்ட். சுரங்கள் நான்கும் அவையேதான். பழைய ஆட்கள் அதை இரண்டாவது விதமாகத்தான் கேட்டார்கள் என்பது அவருடைய வாதம். மெலடி கட்டும்போது ஐந்தாம் படியின் ஸ்கேல் ஒன்றே இரண்டு கார்டுகளுக்கும் போதும். சோபினும் பாக்கும் மனோதர்மக்காரர்கள் என்பதை நினைவூட்டி, தன் இலக்கணம் பெபாப்புக்கு மட்டும் உரியது இல்லை என்றும் சொல்வார்.

இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் ஏற்ப அமைந்தவையே அவர்களின் அறைகள். டிரிஸ்டானோ கதவைச் சாத்தினார். கிளப்களின் இரைச்சலும் சுதி கெட்ட பியானோக்களும் அவரைத் துன்புறுத்தின. 50களின் நடுவில் 32ஆம் தெரு ஸ்டூடியோவை விட்டபின் குவீன்ஸ் பகுதியின் வீட்டிலேயே பாடம், வாசிப்பு, பதிவு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார். 1968க்குப் பிறகு அமெரிக்காவில் பொதுமேடை ஏறவில்லை. 1978 நவம்பர் 18 அன்று 59 வயதில் இறந்தார். அட்லாண்டிக் நிறுவனத்துக்காக அவர் உயிரோடு இருந்தபோது வெளியானவை இரண்டே இசைத்தட்டுகள். 1956இல் வந்த முதல் தட்டில் சில பாடல்களுக்கு பீட்டர் இண்ட், ஜெஃப் மார்ட்டன் இருவரின் பேஸ், டிரம்ஸ் பதிவை முதலில் எடுத்து, அதன் மேல் தான் தனியாக வாசித்து, நாடாவின் வேகத்தையும் கையாண்டிருந்தார். விமரிசகர்கள் இது மோசடி என்று கொதித்தார்கள். 'லைன் அப்' என்ற பதிவின் நீண்ட, மூச்சுவிடாத கோட்டைக் கேட்டுவிட்டு அந்தக் குற்றச்சாட்டை எழுப்ப அவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்று நான் யோசித்ததுண்டு. அதே தட்டில் பார்க்கரின் மரணத்துக்குப் பின் வாசித்த 'ரெக்வியம்' இருக்கிறது. நேரடியான, கனத்த ப்ளூஸ். டிரிஸ்டானோவைக் குளிர்ந்தவர் என்று எழுதியவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கேட்டார்களா என்பதே சந்தேகம். 1962இல் வந்த 'தி நியூ டிரிஸ்டானோ' அந்த விமரிசனத்துக்குப் பதிலாகவே வந்தது போல் இருக்கும். ஒரு பியானோ, ஒரு ஆள், நாடா வேலை எதுவும் இல்லை. இடக்கை பேஸ் வாசிப்பவரைப் போல் ஓயாமல் நடக்க, வலக்கை அதன் மேல் வளைந்து வளைந்து போகும்.

ஹாரிஸ் கதவைத் திறந்தார். 1960இல் கேனன்பால் ஆடர்லியின் குழுவோடு நியூயார்க் வந்து அங்கேயே தங்கினார். 1963 டிசம்பரில் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' பதிவில் அவர்தான் பியானோ. ப்ளூ நோட் நிறுவனத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக அது மாறியது. அதன் தொடக்கத்தில் அவர் கையில் உருளும் அந்த எளிய தாளக்கட்டை ஜாஸ் அறியாதவர்கள்கூட எங்காவது கேட்டிருப்பார்கள். அதிலேயே டெனர் வாசித்த ஜோ ஹெண்டர்சன், டெட்ராய்டில் ஹாரிஸிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர். அந்தப் புகழ் வழியில் அவர் மேலும் போயிருக்கலாம். அவர் போகவில்லை. 'லுமினசென்ஸ்', 'மேக்னிஃபிசென்ட்' முதலிய தன் சொந்தத் தட்டுகளில் பட் பவலும் தெலோனியஸ் மங்க்கும் விட்ட இடத்திலிருந்தே பேசினார். சுற்றிலும் இசை மோடல் பக்கமும் ராக் பக்கமும் திரும்பியபோது அவர் திரும்ப மறுத்தார்.

1982இல் மன்ஹாட்டனின் எட்டாம் அவென்யூவில் 368ஆம் எண் கட்டடத்தில் ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர் என்ற இடத்தைத் தொடங்கினார். அங்கே மது கிடையாது. அதனால் பதின்வயதுப் பிள்ளைகளும் வரலாம். பகலில் வகுப்பு, இரவில் கச்சேரி. ஐந்தாண்டுகளில் அதை மூட வேண்டியதாயிற்று. வகுப்புகளோ நிற்கவில்லை, வாரந்தோறும் வேறு வேறு கூடங்களில், சிறு கட்டணத்துக்கு, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்ற நிபந்தனையற்ற நிபந்தனையோடு தொடர்ந்தன. பியானோக்காரர்களுக்கு ஒரு பகுதி, பாடகர்களுக்கு ஒரு பகுதி, மற்ற கருவிகளுக்கு ஒரு பகுதி. தொழில்முறைக் கலைஞர் பக்கத்தில் முதல்முறை பியானோ தொடுபவர் உட்கார்ந்திருப்பார். தன் பெரிய கச்சேரிகளில் இந்த மாணவர்களையே பாடகர் குழுவாக மேடையேற்றினார். 'நாசிமெண்டோ' என்ற அவருடைய பாடலுக்குக் கேட்க வந்தவர்களையும் கைதட்டவும் பாடவும் வைத்துவிடுவார்.

இத்தனைக்கும் நடுவில் அவர் வாழ்ந்த வீடு நியூஜெர்சியின் வீஹாக்கனில், ஹட்சன் நதியைப் பார்த்து நின்ற பன்னோனிகா டி கோனிக்ஸ்வார்டர் சீமாட்டியின் வீடு. எண்ணற்ற பூனைகள் உலவிய அந்த வீட்டில்தான் தெலோனியஸ் மங்க்கும் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். பியானோவைத் தொடுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டிருந்த மங்க்கும் வாசித்துக்கொண்டே இருந்த ஹாரிஸும் ஒரே கூரையின் கீழ், 1982 பிப்ரவரியில் மங்க் மறையும்வரை. ஒரு மூலநூலின் பக்கத்திலேயே குடியிருந்து உரை எழுதிய வாழ்க்கை அது.

இரண்டு அறைகளையும் அறிந்த ஒருவர் உண்டு: பாடகி ஷீலா ஜார்டன். டெட்ராய்டில் இளம்பெண்ணாக ஹாரிஸ், ஃபிளனகன் போன்றவர்களின் வட்டத்தில் வளர்ந்தவர், பார்க்கரின் இசையைத் துரத்திக்கொண்டே நியூயார்க் வந்து 50களின் தொடக்கத்தில் டிரிஸ்டானோவிடம் படித்தார். பார்க்கர் சோலோக்களைப் பாடும் பழக்கம் அவருக்கு அதற்கு முன்பே டெட்ராய்டில் வந்துவிட்டது. டிரிஸ்டானோவிடம் அதுவே பாடத்திட்டமாக இருந்தது. அவருடைய பாட்டில் இரண்டு வீடுகளின் சாயலும் ஒன்றோடொன்று சண்டையிடாமல் இருக்கும். இந்த இரண்டு ஆசிரியர்களும் பகைநாடுகள் அல்ல என்பதற்கு அவருடைய குரலைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் மாணவர்களை வைத்துப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் எழுகிறது. தனித்தன்மையை முதன்மையாகப் பேசியவர் டிரிஸ்டானோ; அவருடைய மாணவர்களைத்தான் கேட்டவுடன் இன்னார் பள்ளி என்று சொல்லிவிட முடிகிறது. அந்த நீளமான கோடு, அடங்கிய தொனி, தாளத்தட்டைத் தாண்டித் தாண்டி விழுகிற அழுத்தம் மார்ஷிடமும் சால் மோஸ்காவிடமும் மாறாமல் இருக்கும். பொது இலக்கணத்தைப் பேசியவர் ஹாரிஸ். அவரிடம் கேட்டவர்களில் மெக்ஃபர்சன் பார்க்கரின் நேர் வாரிசாகப் போனார், சேம்பர்ஸ் மைல்ஸ் டேவிஸின் குழுவின் அடித்தளமானார், ஹெண்டர்சன் யாருடைய பாதையிலும் சேராத ஒரு பாதையைப் போட்டார். இதற்குக் காரணம் இருப்பதாக நினைக்கிறேன். இலக்கணம் யாருடைய உடைமையும் இல்லாததால் அதைக் கற்றவன் அதை வைத்துத் தன் பேச்சைப் பேசலாம். வாரந்தோறும் ஒரே மனிதரின் முன் தனியாகப் போய் நின்று அவர் தீர்ப்பைக் கேட்பவனுக்கோ, அந்த மனிதரின் காதே தன் காதாகிவிடும் ஆபத்து இருக்கிறது. டிரிஸ்டானோவின் மாணவர்கள் சிலர் பல ஆண்டுகள் அவரை விட்டு விலக முடியாமல் இருந்ததும் இதனால்தான்.

கானிட்ஸ் விலகினார், அதைச் சொல்லாமல் இந்தக் கணக்கை முடிப்பது நியாயமாகாது. 40களின் இறுதியில் ஆல்டோ சாக்ஸபோனை எடுத்த யாரும் பார்க்கரின் நிழலுக்கு வெளியே நிற்க முடியாத நாட்களில், பார்க்கரின் சோலோக்களைப் பாடிப் பழகியவராக இருந்தும், அவரைப் போல் வாசிக்காத பெரிய ஆல்டோக் கலைஞர் கானிட்ஸ்தான். மைல்ஸ் டேவிஸின் 'பர்த் ஆஃப் த கூல்' பதிவுகளுக்கு அந்தத் தொனி தேவைப்பட்டது. டிரிஸ்டானோவின் முறை தன் உச்சத்தில் எதைச் செய்ய வல்லது என்பதற்கு அந்த ஒரு மாணவர் போதும். பின்னாளில் தானே ஆசிரியரானபோது, மூலப் பாடலை அப்படியே வாசிப்பதில் தொடங்கி, பத்துப் படிகளில் மெல்ல மெல்ல அதிலிருந்து விலகிப் போகிற பயிற்சியை வகுத்தார். குருவின் மெதுவும் கவனமும் அதில் இருக்கின்றன. குருவின் கண்டிப்பு இல்லை.

ஒன்றை விட்டுவிட முடியாது. டிரிஸ்டானோவும் அவரைச் சூழ்ந்தவர்களில் பெரும்பாலோரும் வெள்ளையர்கள். பார்க்கரின் இசையை அதன் சமூகத்துக்கு வெளியிலிருந்து, ஒலி வழியாக மட்டும், மிகுந்த பக்தியோடு அணுகியவர்கள். அந்தப் பக்திக்கு ஒலியைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லாததால் அது அவ்வளவு கடுமையாக இருந்தது. ஹாரிஸுக்கு அது அம்மா வாசித்த தேவாலயம், பக்கத்துத் தெரு, இளம் வயதில் டெட்ராய்ட் வந்த பார்க்கரோடு சேர்ந்து வாசித்த இரவுகள். தன் சொந்தத்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது அவருக்குக் கடமை. அதனால் அவர் வகுப்புக்கு வந்த ஜப்பானியருக்கும் டச்சுக்காரருக்கும் இத்தாலியருக்கும் அதைத் தயங்காமல் கொடுத்தார். தி ஹேக் நகரின் ராயல் கன்சர்வேட்டரிக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பாடம் எடுத்தார்.

ஹாரிஸின் பாடங்கள் இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றன. ஹோவர்ட் ரீஸ் தொகுத்த காணொளிப் பாடங்கள், ஆலன் கிங்ஸ்டோன் கிட்டாருக்காக எழுதிய புத்தகம், மாணவர்கள் பதிவு செய்த வகுப்புகள் என்று அவரைப் பார்த்தே இராதவர்கள்கூட எட்டுச் சுர வரிசையைப் பழகுகிறார்கள். பெருந்தொற்று வந்து கூடங்கள் பூட்டப்பட்டபோது தொண்ணூறைத் தாண்டியிருந்த ஹாரிஸ் ஸூம் வழியாக வகுப்பைத் தொடர்ந்தார். 2021 டிசம்பர் 8 அன்று, 92ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, கொரோனாவின் சிக்கல்களால் இறந்தார். டிரிஸ்டானோவின் முறை அப்படிப் பரவவில்லை, பரவவும் முடியாது. பீட்டர் இண்ட் எழுதிய நினைவுநூலும் யூன்மி ஷிம் எழுதிய வாழ்க்கை வரலாறும் பயிற்சிகளை விவரிக்கின்றன. ஆனால் விவரம் பயிற்சி ஆகாது. நீங்கள் பாடுவதை ஒருவர் கேட்க வேண்டும், எந்தச் சுரத்தை நீங்கள் உள்ளே கேட்காமலேயே வெளியே விட்டீர்கள் என்று அவர் சொல்ல வேண்டும். அந்த வேலையை டிரிஸ்டானோவின் மாணவர்களான சால் மோஸ்கா 2007இல் இறக்கும்வரையும் கானி குரோதர்ஸ் 2016இல் இறக்கும்வரையும் நியூயார்க்கில் ஒவ்வொரு மாணவராகச் செய்துகொண்டிருந்தார்கள். இன்று அவர்களுடைய மாணவர்கள் அதே போல், ஒரு நேரத்தில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.